ரசமட்டம் செய்த ஒரே கோணல்

எங்கள் பெரம்பலூரில் எந்தப் பொருளும் ஒரு நாளைக்கு மேல் கோணலாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்கு நகராட்சிதான் காரணம் என்று நீங்கள் நினைத்தால் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை என்று அர்த்தம். காரணம் ஒரே ஒரு ஆள். ரசமட்டம்.

கொத்தனார்கள் சுவர் மேல் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி அங்குமிங்கும் ஓடும், அந்தக் கருவிக்குத்தான் ரசமட்டம் என்று பெயர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் இவர் கையடக்கமாக அதில் ஒன்றை வைத்திருப்பார். கால்சட்டைப் பையில் ஒரு நூல்கண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். அதைப் படித்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் சம்சாரமே "எங்கூட்டு ரசமட்டம் சாப்புட வந்துச்சா?" என்றுதான் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொன்னவர் இவரைப் பார்த்ததில்லை. அரியலூர் ரோட்டில் அவர் ஷெட் இருக்கும் பகுதியில் தெருநாய்கள் இவரைக் கண்டால் வாலைக் கால்களுக்கு நடுவே ஒளித்துக்கொள்ளும். எந்த வம்பும் வேண்டாம் என்ற முன்ஜாக்கிரதைதான்.

இந்த வியாதி எங்கே பிடித்தது என்றால், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பிடித்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுரங்கத்திலிருந்து ஆலைக்குச் சுமந்து வரும் நீளமான பெல்ட் இருக்கிறதே, அதை ஓட்டும் உருளைகளையும் புல்லிச் சக்கரங்களையும் நேராக வைக்கிற ஃபிட்டர் வேலை அவருக்கு. "இந்த முனையில ஒரு நெல்லு கனம் பெசகுனா, அந்த முனையில ஒரு வண்டிக் கல்லு மனுசன் தலையில வுழும் சார்" என்பார். ஆயுள் முழுக்க அந்த ஒரு நெல் கனத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர். ரிட்டயர் ஆகி வந்த பிறகும் ஊரெல்லாம் அதையே தேட ஆரம்பித்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் ஒரு ஷெட் போட்டு, பம்பு செட், மாவு மில், பழைய கார் என்று புல்லியும் பெல்ட்டும் உள்ள எதையும் பார்க்க ஆரம்பித்தார். ஷெட்டுக்குப் பின்னால் வீடு. சாலையோர வீடுகள் எல்லாம் சாலையைப் பார்த்து நிற்க, இவர் வீடு மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி சற்றுத் திரும்பி நிற்கும். ஏன் என்று கேட்டேன்.

"வூடு கிழக்க நூல் புடிச்ச மாதிரி நேராத்தான் சார் இருக்கு. ரோட்டத்தான் கோணலாப் போட்டுட்டானுவ."

எதையும் நேரா என்று பார்க்க அவர் இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணால் மட்டும் நோக்குவார். இதனால் ஒருமுறை பெரிய ரகளை ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நின்ற பஸ்களில் எது முன்னே துருத்திக்கொண்டிருக்கிறது என்று கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நின்ற ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டது. நல்லவேளை, காய்கறி வாங்கிக்கொண்டு வந்த அவர் சம்சாரம் குறுக்கே பாய்ந்தது.

"அய்யய்யோ, அடிச்சிப்புடாத தாயி! அது கண்ணடிக்கல, மட்டம் பாக்குது. என்னையே கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்புடித்தான் பாக்குது. ஒரு நா கூட ரெண்டு கண்ணாலயும் பாத்ததில்ல!"

கடைசி வாக்கியத்தில் இருந்த துக்கத்தைக் கேட்டு அந்த அம்மா செருப்பைக் கீழே போட்டு, அவர் சம்சாரத்துக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாரால்தான். மோட்டாரைப் பார்க்க வந்தவர், காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தார். மோட்டாரை மறந்தார். நூல்கண்டை எடுத்து ஒரு முனையைக் கொடிக்கம்பத்தில் கட்டினார். தமிழ்த்தாய் வாழ்த்து முடிவதற்குள் அறுநூறு பிள்ளைகளும் நூல் பிடித்தாற்போல் நின்றார்கள். தலைமையாசிரியர் கண் கலங்கிவிட்டார். பத்து வருஷமாகப் பிரம்பை வைத்து முடியாததை ஒருவர் நூலை வைத்து முடித்திருக்கிறார். அன்றைக்கு மோட்டார் ஓடவில்லை, பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம்.

அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் மட்டும் நிஜமாகவே பாவம். ஒரு கல்யாணப் பந்தியில் இலை போட்டு முடித்து, எல்லோரும் உட்கார்ந்து, உப்பு வைத்தாகிவிட்டது. இவர் எழுந்து இலைகளின் நுனியெல்லாம் ஒரே கோட்டில் வரவேண்டும் என்று நூலைப் பிடித்துவிட்டார். சாம்பார் வாளியோடு வந்த சமையல்காரர் அப்படியே நின்றார்.

"யோவ், பசியில இருக்கவன் சோத்தப் பாப்பானா, நூலப் பாப்பானா?"

"ஏழாவது எலை ரெண்டு விரக்கடை வெளிய இருக்கு. அத உள்ள தள்ளிட்டு நீங்க ஊத்துங்க."

ஏழாவது இலையில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அதற்கு மேல் அங்கே நடந்ததை நான் எழுதவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம் என் மானமும் மரியாதையும் ஒரு வாட்டர் பம்பின் வடிவில் போய்ச் சிக்கிக்கொண்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் மாமனாருக்கு ஊர் விக்கிரமங்கலம். விவசாயம். அவரிடம் வெள்ளை நிறத்தில் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. அதை அவரைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அதன் ஸ்டியரிங்கை நான் தொட்டது ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது மட்டும்தான். காருக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று, ஒரு பசுமாடு முட்டியதிலிருந்து முன்பக்க நம்பர் பிளேட் இடது பக்கம் தலை சாய்த்தே இருக்கும். இன்னொன்று, ஓடும்போது ஃபேன் பெல்ட்டிலிருந்து 'கீச், கீச்' என்று விடாமல் ஒரு குருவிச் சத்தம். மாமனார் ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை. அவசியமே இல்லை. தெருமுனையில் கீச் கேட்டதும் என் மாமியார் அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு வந்து கேட்டைத் திறந்து நிற்பார். அத்தை தவறி இப்போது மூன்று வருஷம் ஆகிறது. மாமனார் இன்றைக்கும் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பார். பிறகுதான் தானே இறங்கித் திறப்பார். இறங்கிப் போய்க் கேட்டைத் திறக்க மனிதருக்கு எவ்வளவு சோம்பல் என்று நான் பலமுறை கிண்டலடித்திருக்கிறேன்.

போன கோடையில் மாமனார் கோஷ்டியோடு காசிக்குப் புறப்பட்டார். கார் நிற்கும் கொட்டகைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்ததால் வண்டியைப் பெரம்பலூரில் என் வீட்டு போர்ட்டிகோவில் கொண்டுவந்து விட்டார். சாவியைக் கொடுக்கும்போது அவர் கை சாவியை விட மாட்டேன் என்றது.

"மாப்ள, தெனம் காலைல அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைங்க. ஞாயித்துக்கெழம காலைல நான் அரியலூர் ஸ்டேசன்ல வந்து எறங்குவேன். அதுக்கு மட்டும் எடுத்துட்டு வாங்க. நடுவுல எங்கயும் எடுக்க வேணாங்க."

"சரிங்க மாமா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை வாலிகண்டபுரத்தில் கூட வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பைக்கில் போயிருக்கலாம். பஸ்ஸில் போயிருக்கலாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தால் யார் தடுக்க முடியும்?

"அப்பா எடுக்க வேணாம்னு சொன்னாருல்ல?" என்றாள் என் மனைவி செல்வி.

"வண்டி நின்னுக்கிட்டே இருந்தா வீணாப் போயிடும் செல்வி. என்ஜினுக்கும் நடைப் பயிற்சி வேணும்."

போகும்போது மகாராஜா மாதிரி போனேன். விருந்து சாப்பிட்டுத் திரும்பும்போது, அக்னி நட்சத்திர வெயிலில், பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. ரேடியேட்டர் தண்ணீர் ரோட்டில் கோடு போட்டது. இறங்கித் திறந்தால் உள்ளே இட்லிப் பானை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துத்தான் ஊருக்குள் வந்தேன். லீவில் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த என் மாணவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, வரிசையாக நின்று, "குட் ஆஃப்டர்நூன் சார்" என்றார்கள். எந்த வகுப்பிலும் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

நேராக ரசமட்டத்தின் ஷெட். மூன்று நாளில் மாமனார் வந்து இறங்குவார். வண்டியைத் தொட்டது தெரிந்தால் அவர் திட்ட மாட்டார். அதுதான் பயம். பேசாமல் இருந்துவிடுவார். பதினோரு வருஷமாக 'இந்தப் பையன்கிட்ட ஒரு பொருள நம்பிக் குடுக்க முடியாது' என்று நினைத்திருப்பவர், இனிமேல் சாகும்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருப்பார்.

ரசமட்டம் பானெட்டைத் திறந்தார். இடது கண்ணை மூடினார்.

"டைனமோ உள்ள போயிருக்கே?"

"அண்ணே, தண்ணி ஒழுகுதுண்ணே."

"தண்ணி ஒழுவுறது இன்னிக்கி வந்த வியாதி சார். இது ரொம்ப நாளு வியாதி." ஃபேனின் இலையைப் பிடித்து ஆட்டினார். அது பால்பல் மாதிரி ஆடியது. "பாருங்க, பேரிங் போயிருச்சு. சீல் போயிருச்சு. வாட்டர் பம்ப மாத்தணும். அத மாத்துறது ஒரு வேலையே இல்ல. புல்லி மூணும் ஒரே கோட்டுல ஒக்காரணும், அதான் வேலை."

கார் என்ஜினுக்கு முன்னால் மூன்று புல்லிகள் இருக்கின்றன. கீழே என்ஜின் சுற்றுவது ஒன்று, மேலே பம்பும் ஃபேனும் சுற்றுவது ஒன்று, பக்கத்தில் டைனமோவுக்கு ஒன்று. மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றி ஓடுகிறது. எந்தக் காலத்திலோ எந்த மெக்கானிக்கோ டைனமோவைக் கழற்றி மாட்டும்போது ஒரு வாஷரைப் போட மறந்திருக்கிறான். டைனமோ ஒரு வாஷர் கனம் உள்ளே போனதால் பெல்ட் அங்கே மட்டும் சாய்வாக ஏறி இறங்கி, கீச் கீச் என்று முனகிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனையும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலையை உடனே ஆரம்பித்தாரா என்றால் இல்லை. வண்டி மட்டமாக நிற்கவில்லையாம். மட்கார்டு மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரமாக ஓடியது. டயருக்குக் கீழே பலகை வைத்தார், எடுத்தார், அரைச் செங்கல் வைத்தார். குமிழி நடுவில் வந்து நிற்பதற்குள் எனக்கு விருந்துச் சாப்பாடு ஜீரணமாகி மறுபடி பசித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து பஸ்ஸில் புது பம்ப் வந்தது. பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங்கை ஒரு கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் வெட்டினார். முதலில் எடுத்த பத்திரிகையை வேண்டாம் என்று தூக்கிப் போட்டார். அதில் எழுத்துகள் சாய்வாக அச்சடித்திருந்ததாம்.

"அண்ணே, உள்ள போயி ஒளிஞ்சிக்கப் போற அட்டை. எழுத்து எப்புடி இருந்தா என்ன?"

"நமக்குத் தெரியும்ல சார்?" என்றார். அதற்குப் பதில் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

பம்பைப் பூட்டியதும் நூல்கண்டு வெளியே வந்தது. ஒரு முனையை என்னிடம் கொடுத்து டைனமோ பக்கம் பிடிக்கச் சொன்னார். "ஆடாதீங்க சார்... மூச்சு வுடாதீங்க சார்..." அரைமணி நேரம் நின்றதில் கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரே ஒரு நேர்கோடுதான்னு பசங்களுக்கு நீங்கதான சொல்லிக் குடுக்குறீங்க? ஒரு புள்ளியாட்டம் ஒழுங்கா நில்லுங்க!" கடைசியில் டப்பா நிறைய வாஷரைக் கொட்டித் தேடி, எதுவும் சரியாக இல்லாமல், ஒன்றை எடுத்துக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பதமாக்கி, டைனமோவுக்குப் பின்னால் வைத்து முடுக்கினார். புது பெல்ட் போட்டார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

என்ஜின் ஓடியது. அவர் முகத்தில் சாமியை நேரில் கண்டவருடைய சாந்தம்.

"கேக்குதா சார்?"

"ஒண்ணும் கேக்கலியேண்ணே."

"அதான் சார்!"

சனிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தப்பித்தோம் என்று மனம் துள்ளியது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வி திரும்பிப் பார்த்து, போர்ட்டிகோவில் நிற்கும் காரைக் கண்டு திடுக்கிட்டாள்.

"எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலியே?"

"ரசமட்டம்னா சும்மாவா? அந்தக் கருமம் புடிச்ச கீச்ச அடியோட ஒழிச்சுட்டாரு!"

அவள் சிரிக்கவில்லை. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா கண்டுபுடிச்சிருவாருங்கிறியா?" என்றேன். அந்த யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது.

"கண்டுபுடிக்கிறது கெடக்கட்டும். அந்தச் சத்தத்தக் கேட்டுத்தாங்க அம்மா வந்து கேட்டத் தொறக்கும். அப்பா இன்னிக்கும் வாசல்ல வண்டிய ஓடவுட்டுட்டு ஒக்காந்திருக்காருல்ல? எதுக்குன்னு நெனச்சீங்க?"

சோம்பல் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

செல்வியையும் ஏற்றிக்கொண்டு அடுத்த பத்தாவது நிமிஷம் ஷெட்டில் இருந்தேன். ரசமட்டம் ஓடி வந்தார்.

"என்ன சார், ஒழுவுதா?"

"இல்லண்ணே. எல்லாம் அற்புதமா இருக்கு. அந்த வாஷர மட்டும் எடுத்துடுங்க."

மகன் சாமியாராகப் போகிறேன் என்று சொன்னால் பெற்றவர்கள் பார்ப்பார்களே, அப்படி என்னைப் பார்த்தார்.

"எடுத்தா கோணலாயிரும் சார்."

"கோணலாத்தாண்ணே வேணும்."

"வாத்தியாரே, வெயில்ல அலைஞ்சீங்களா? உள்ள வந்து மோரு குடிங்க."

"நெசமாத்தாண்ணே. பழையபடி கீச்சுனு கத்தணும்."

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "கால் கோணலா வந்த புள்ளைய நடக்க வச்சு அனுப்புறேன். திரும்பக் கூட்டியாந்து, ஒடிச்சு வுடுங்கிறீங்க. இந்தக் கையால ஒரு புல்லியக் கூட நான் தெரிஞ்சு கோணலா வச்சதில்ல. ஆலையில மேனேஜரே வந்து 'பரவால்ல ஓட்டு'ன்னப்ப, மாட்டேன்னு பெல்ட்ட நிறுத்துனவன் நான். வேற எவனையாச்சும் பாருங்க. போங்க!"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். கீச் சத்தம், பால், கேட், மூன்று வருஷம். ரசமட்டம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெருமுனைலயே கேக்குமா அந்தம்மாவுக்கு?"

"கேக்கும்ண்ணே. மிக்ஸி ஓடுனாக்கூடக் கேக்கும்."

துடைத்த துணியைத் தோளில் போட்டார். பிறகு பானெட்டைத் திறந்தார். போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது பார்த்தேன்: ஆயுள் முழுக்க ஒரு கண்ணை மட்டுமே மூடிய மனிதர், இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"சார், வாஷர நீங்க எடுங்க. நான் பாக்கல."

எடுத்தேன். ஸ்டார்ட் பண்ணினோம். சத்தம் வந்தது. 'கிய்ய்ய்' என்று வந்தது.

"இது இல்லண்ணே. இது எலி கத்துற மாதிரி இருக்கு" என்றாள் செல்வி.

இங்கேதான் ரசமட்டத்தின் வீரம் வெளிப்பட்டது. கோணல்தான் என்று முடிவான பிறகு, ஏதோ ஒரு கோணலாக இருக்க அவர் சம்மதிக்கவில்லை. அதே கோணல் வேண்டும். "புது பெல்ட்டு, அதான் இன்னும் தொண்ட தெறக்கல" என்று அதைக் கழற்றி டிக்கியில் போட்டு, மூலையில் தொங்கிய பழைய பெல்ட்டை எடுத்து மாட்டினார். புது பம்பில் புல்லி பழையதைவிட ஒரு மயிரிழை வெளியே உட்கார்ந்திருந்ததாம். அதற்குத் தக்கபடி டைனமோவை நகர்த்த வேண்டும். வியாழக்கிழமை பிரிப்பதற்கு முன்னால் பழைய கோணலை நூல் பிடித்து அளந்து, ஷெட் சுவரில் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிக்கு நூலைப் பிடித்தார். நான் மறுபடி புள்ளியானேன். பவுடர் டப்பாத் தகரத்தில் துண்டு வெட்டி வைத்தார், எடுத்தார், மடித்து வைத்தார்.

"இப்ப சொல்லுங்க தாயி."

செல்வி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "கிட்ட வந்துருச்சுண்ணே. ஆனா நடுவுல கொஞ்சம் எடைவெளி வேணும். கீச்... கீச்... இப்புடி."

பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். மறுபடி. "இப்ப?" மறுபடி. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நன்றாக ஓடும் காரைக் கெடுக்க மூன்று பேர் வெயிலில் பாடுபடுவதை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, கீச், கீச் என்று அது ஆரம்பித்ததும் செல்வி கண்ணைத் திறக்கவே இல்லை. மூடிய கண்ணிலிருந்து வழிந்தது.

"இதாண்ணே" என்றாள்.

ரசமட்டம் போல்ட்டை முடுக்கிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் கை கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் செல்வி விக்கிரமங்கலம் போய்விட்டாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனேன். மாமனார் கங்கைச் சொம்பும் பையுமாக இறங்கி வந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்பக்கம் வந்ததும் நின்றார். குனிந்தார்.

"நம்பர் பிளேட்ட யாரு நேராக்குனது?"

நானும் குனிந்து பார்த்தேன். பசுமாடு முட்டிய நாளிலிருந்து தலை சாய்த்திருந்த பிளேட், இப்போது ரூல் தடியால் கோடு போட்ட மாதிரி நிமிர்ந்து நின்றது. எப்போது கை வைத்தார் என்றே எனக்குத் தெரியாது.

"ரசமட்டம் கையி பட்டிருக்கு" என்றார் மாமனார். சுற்றுவட்டாரத்தில் பம்பு செட் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தக் கையெழுத்து தெரியும். "என்ன ஆச்சு மாப்ள?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? வாலிகண்டபுரம், கொதித்தது, டிராக்டர், பம்ப், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "மன்னிச்சிக்குங்க மாமா." அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பயந்த அதே மௌனம். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எடுங்க" என்றார்.

ஸ்டார்ட் பண்ணினேன். கீச், கீச்.

மாமனார் தலையைச் சாய்த்துக் கேட்டார். சிமென்ட் லாரிகளுக்கு நடுவே ஊரைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

"அவன் கைய வச்ச வண்டியில இந்தச் சத்தம் எப்புடி இருக்கு?"

"அவரு நிறுத்திட்டாரு மாமா. நாங்கதான் திரும்ப வைக்கச் சொன்னோம். செல்விதான் பக்கத்துலயே நின்னு, கேட்டுக் கேட்டு..."

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விக்கிரமங்கலத்தில் தெரு திரும்பி, வாசலில் நிறுத்தினேன். என்ஜினை அணைக்கக் கை போனது. "இருக்கட்டும்" என்றார். கீச், கீச், கீச். வழக்கமான அந்த ஒரு நிமிஷம். அது முடிவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. செல்வி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்து நின்றாள்.

மாமனார் இறங்கினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"பால் வச்சுட்டியா?"

"வச்சுட்டேம்ப்பா."

அவர் தலையாட்டினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, வண்டிய நீங்களே உள்ள வுடுங்க. வண்டியும் சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும், கொட்டாயி வேலை முடியற வரைக்கும்."

அடுத்த வாரம் ரசமட்டத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "கெடுத்தீங்களேண்ணே, அந்த நம்பர் பிளேட்ட எதுக்கு நேராக்குனீங்க?" என்று சண்டை பிடித்தேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அதுக்கும் ஒரு கதை இருக்குன்னு நீங்க சொல்லலியே சார். சொல்லியிருந்தா வுட்டிருப்பேன்."

கொட்டகை வேலை முடிந்து மாதக்கணக்காகிறது. மாமனார் வண்டியையும் சாவியையும் திருப்பிக் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை நான்தான் அந்தக் காரை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்க அரியலூர் ரோட்டில் போகிறேன். ஷெட் அருகில் வேகத்தைக் குறைப்பேன். ரசமட்டம் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு, கீச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நிற்பார். பிறகு சரியாக இருக்கிறது என்று ஒருமுறை தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைக் கண்ணாடியில் பார்க்காமல் போகிற அன்றைக்கு, எனக்கு விக்கிரமங்கலம் ரொம்ப தூரமாக இருக்கிறது.